வீட்டு விஞ்ஞானம்: ஒரு கம்பி, இரு வழக்கம்

சங்க அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதத்தின் சாரம் இது: "கம்பி வழியே இணைத்த கணிப்பொறியில் பத்திரிகை படிக்க முடிகிறது, கடிதம் அனுப்பவும் முடிகிறது. ஆனால், ஊரிலுள்ள தாயாருடன் முகம் பார்த்துப் பேசத் தொடங்கினால் குரல் அறுந்து அறுந்து போகிறது. பழுது பார்க்க வந்தவர் புதிய கணிப்பொறி வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?"

அவசரப்பட வேண்டாம். பணம் செலவிடுமுன் சோதிக்க வேண்டிய அமைப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் டூப்ளெக்ஸ்.

ஈதர்நெட் என்னும் கம்பி இணைப்பு முறை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றியது. தொடக்கத்தில் பல கணிப்பொறிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசுங்கால் மற்றவை காத்திருக்கும். இரண்டு ஒருசேரப் பேசிவிட்டால் செய்திகள் மோதிச் சிதையும். இரண்டும் நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்கும். இது அரை டூப்ளெக்ஸ். போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை அமைந்தபின், ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் இயன்றது. இது முழு டூப்ளெக்ஸ். இதற்கான விதி 1997-இல் வகுக்கப்பட்டது.

கம்பியின் இரு முனைகளும் தத்தம் திறனைத் தெரிவித்துக்கொண்டு, இரண்டுக்கும் பொதுவான சிறந்த முறையைத் தாமே தேர்ந்துகொள்ளும். இதுவே ஆட்டோ நெகோஷியேஷன். ஆனால், வேகம் கூடுமென்று கருதி யாரேனும் ஒரு முனையை மட்டும் '100, முழு டூப்ளெக்ஸ்' என்று நிலைப்படுத்திவிட்டால் தொல்லை தொடங்குகிறது. மறுமுனை, வரும் மின்குறியைக் கொண்டு வேகத்தை அறிந்துகொள்ளும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லை. ஆதலால், விதிப்படி அரை டூப்ளெக்ஸ் என்றே கொள்ளும்.

விளைவு யாது? ஒருவர் அடக்கமுள்ளவர், பிறர் குரல் கேட்டால் தம் பேச்சை நிறுத்திவிடுவார். மற்றவரோ கேட்டுக்கொண்டே பேசுபவர். இவ்விருவரும் உரையாடினால் அடக்கமுள்ளவரின் சொற்கள் பாதியில் அறுபடும். மற்றவர் அரைகுறைச் செய்தியைப் பழுதென்று தள்ளிவிடுவார். போக்குவரத்துச் சொற்பமாயிருப்பின் இக்குறை வெளிப்படாது. படமும் குரலும் இருபுறமும் இடையறாது ஓடும்போதுதான் வெளிப்படும். பெரிய கோப்புகளை அனுப்பும்போதும் இவ்வாறே.

சோதிக்கும் முறை வருமாறு.

முதலாவது: அதே ரௌட்டரிலிருந்து வைஃபை வழியே கைபேசியில் பேசிப் பாருங்கள். அது நன்றாயிருப்பின், குறை கணிப்பொறிக்கும் ரௌட்டருக்கும் இடையே இருத்தல் கூடும். இரண்டும் தடுமாறினால், ரௌட்டருக்கு வெளியே தேடல் வேண்டும்.

இரண்டாவது: விண்டோஸ் உடையோர் டிவைஸ் மானேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் தேர்ந்து, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் என்னும் பகுதிகளில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்ற வரியைக் காண்க. லினக்ஸ் உடையோர் ஈத்டூல் கட்டளையால் நடப்பு நிலையை அறியலாம். அங்கே ஏதேனும் நிலைப்படுத்தப்பட்டிருப்பின், முதலில் குறித்துக்கொண்டு, பிறகு ஆட்டோ நெகோஷியேஷனுக்கு மாற்றுக.

மூன்றாவது: உங்கள் முனை சரியாயிருந்தும் குறை நீங்காவிடில், மாடிப்படியில் பெட்டி வைத்திருக்கும் இணைப்புக்காரரிடம், "அந்த முனையை நிலைப்படுத்தியிருக்கிறீர்களா?" என்று வினவுங்கள். ஆம் எனில், ஆட்டோவுக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் மாற்ற இயலாது என்றால், உங்கள் முனையையும் அதே வேகத்திலும் அதே டூப்ளெக்ஸிலும் நிறுத்துக. இரு முனைகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதே விதி.

நான்காவது: கம்பியையும் மாற்றிப் பாருங்கள். நசுங்கிய கம்பியும் செய்தியைச் சிதைக்கும். 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டு இழைகளும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். 1000 வேண்டிய இடத்தில் 100 மட்டுமே கிட்டினால், இழையொன்று அறுந்திருக்கலாம். செப்புக் கம்பியில் 1000-க்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். ஆகவே, டூப்ளெக்ஸ் முரண் பெரும்பாலும் பழைய 100 மெகாபிட் கருவிகளிலேயே காணப்படும்.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிச் சோதியுங்கள். இவை யாவும் செய்தபின்னும் குறை நீடித்தால் மட்டுமே புதுக்கருவியைப் பற்றி யோசிக்கலாம். கண்ட விவரத்தை எழுதினால் அடுத்த இதழில் ஆராய்வோம்.