வெளிநாட்டுச் சான்றிதழும் உள்ளூர்ப் பத்திரமும்

டொரண்டோவில் பதிவான திருமணச் சான்றிதழோடு இரண்டு பெண்கள் மீனம்பாக்கத்தில் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டித் தாம்பரத்தில் வழக்கறிஞர் ஒருவரின் மேசைக்கு வரும்போது அவர்கள் சட்டத்தின் கண்ணில் தோழிகள் மட்டுமே. 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் மறுத்த சுப்ரியோ வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு நிலைமை அதுதான்.

தன்பாலின உறவை 'மேலைநாட்டுச் சரக்கு' என்று தேநீர்க் கடையில் பேசி முடித்துவிடலாம். ஆனால் கப்பலில் வந்தது அதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு. 1860இல் இங்கே எழுதி, அதே அச்சில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பினார்கள். பிறகு அதே மனப்பான்மை நம் வெளியுறவிலும் எட்டிப் பார்த்தது. ஐ.நா. ஊழியர்களின் தன்பாலினத் துணைகளுக்குச் சலுகை தருவதை எதிர்த்து 2015இல் ரஷ்யா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. தீர்மானம் 43க்கு 80 என்று தோற்றது. 2013 டிசம்பரில் நடந்தது இன்னும் விநோதம். உச்ச நீதிமன்றம் 377க்கு மறுபடி உயிர் கொடுத்த மறுநாள், நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே தன் பணிப்பெண்ணின் சம்பள விவகாரத்தில் கைதானார். பதிலடியாக, இங்குள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரிகளின் தன்பாலினத் துணைகளைக் கைது செய்யலாம் என்றார் முன்னாள் வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த் சின்ஹா. பணிப்பெண் சம்பளத் தகராறுக்குப் படுக்கையறைச் சட்டம் பதிலாம்!

வழக்கறிஞர்களான நம் வேலைக்கு வருவோம். வந்திருக்கும் இணையர் ஆணும் திருநங்கையுமா என்பதை முதலில் விசாரியுங்கள். ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தில் பதியலாம் என்று 2019இல் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. சுப்ரியோவும் அதைக் கலைக்கவில்லை. மற்றவர்களுக்குப் பத்திரங்கள்தான் கதி. கூட்டு வங்கிக் கணக்குக்கும் துணையை நாமினியாக்கவும் தடையில்லை என்று 2024இல் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. கிளை மேலாளரிடம் காட்ட அந்த அறிவிப்பின் நகல் கையில் இருக்கட்டும். பெண்ணைக் குடும்பத்தார் வீட்டில் அடைத்துவைத்தால் ஆட்கொணர்வு மனு. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்படியொரு வழக்கில் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது.

பவர் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். எழுதியவர் இறந்ததும் அதுவும் இறந்துவிடும். அண்ணன் தம்பிகள் வீட்டுக்குப் பூட்டுப் போட வருவது அன்றைக்குத்தான். உயில் எழுதுங்கள், பதிவும் செய்யுங்கள். சாட்சிகள் இருவரும் கட்சிக்காரரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும்.