பீரோவில் கிடக்கும் காது மெஷின்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

காது மந்தமானவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போனால் நாங்கள் முதலில் கேட்பது, "மெஷின் எங்கே?" என்பதைத்தான். பல வீடுகளில் கை பீரோவைக் காட்டும். முகாமில் கொடுத்த பெட்டியோடு, பட்டுப்புடவைக்கு அடியில், பத்திரமாக இருக்கும். பிள்ளைகள் பல ஆயிரம் செலவழித்து வாங்கித் தந்த கருவியும் அங்கேதான் கிடக்கும். ஏன் போடுவதில்லை என்று கேட்டால் இரண்டே பதில்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: "போட்டா கொய்ங்னு கத்துது." "எல்லாச் சத்தமும் கேக்குது, பேச்சுதான் புரியல."

எங்கள் நிலைப்பாடு இதுதான். செவித்திறன் பரிசோதனை, காதுக்கு அளவெடுத்த அச்சு, பரிசோதனைக்கு ஏற்ப ஒலி அமைப்பு, குறைந்தது ஓராண்டுத் தொடர் கவனிப்பு ஆகியவை இல்லாமல் கையில் திணிக்கப்பட்ட கருவியை, "வழங்கப்பட்டது" என்று யாரும் கணக்கில் எழுதக் கூடாது. அரசு முகாமுக்கும் தனியார் கடைக்கும் நன்கொடையாக வாங்கித் தரும் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

மூக்குக்கண்ணாடியைப் போல, மாட்டியவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. கண்ணாடி, நல்ல நிலையில் உள்ள விழித்திரையில் ஒளியைச் சரியாகக் குவித்துக் கொடுத்தால் போதும். காதொலிக் கருவி, பழுதுபட்ட உட்காதுக்கு ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 12,000 வெளி மயிர்ச்செல்களும் 3,500 உள் மயிர்ச்செல்களும் பிறவியிலேயே அமைகின்றன. முதுமையாலோ, தறிக்கூடத்தின் இரைச்சலாலோ, சில மருந்துகளாலோ அவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது பெரும்பாலும் உச்சஸ்தாயி ஒலிகளைப் பிடிக்கும் பகுதி.

தமிழ்ப் பேச்சில் இதன் விளைவைக் கவனியுங்கள். ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் கீழ்ஸ்தாயியில், உரத்து வருபவை. க, ச, த, ப போன்ற வல்லினங்கள் மெலிந்து, நொடிப்பொழுதில் வந்து மறைபவை. சொல்லுக்குச் சொல் பொருளை மாற்றுபவையும் அவையே. காது மந்தமானவருக்குப் பட்டு, கட்டு, தட்டு மூன்றும் '...ட்டு' என்றுதான் வந்து சேரும். அதனால்தான் அவர் "காது கேக்குது, ஆனா புரியல" என்கிறார். அது சாக்குப்போக்கில்லை, துல்லியமான நோய்க்குறிப்பு. "வேண்டும்போது மட்டும் காது கேட்கும்" என்று பெரியவர்களைக் குத்திப் பேசும் வழக்கத்தை வீடுகள் விட்டுவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். எதிரில் அமர்ந்து ஒருவர் மட்டும் பேசினால் புரியும். அடுப்படியிலிருந்து மிக்ஸி ஓடும்போது பேசினால் புரியாது. இரண்டும் ஒரே காதுதான்.

இன்னொரு சண்டையும் எல்லார் வீட்டிலும் நடப்பது. பாட்டி, "கொஞ்சம் சத்தமா பேசு" என்பார். பேத்தி குரலை உயர்த்தினால், "ஏன்டி கத்துற?" என்று கடிந்துகொள்வார். இதில் வீம்பு ஏதும் இல்லை. மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பது வெளி மயிர்ச்செல்களின் வேலை. அவை போனபின் மெல்லிய ஒலி கேட்பதே இல்லை. பெரிய ஒலியோ முன்போலவே, சமயத்தில் முன்னைவிட உறுத்தலாக வந்து விழுகிறது. கேட்கும் ஒலிக்கும் தாங்கும் ஒலிக்கும் நடுவே இருக்கும் வெளி குறுகிவிடுகிறது. எனவே நல்ல கருவி, மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் உயர்த்த வேண்டும்; ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வெவ்வேறு அளவில் உயர்த்த வேண்டும். செவித்திறன் பரிசோதனையின் வரைபடமான ஆடியோகிராமைக் கையில் வைத்துக்கொண்டு கணினியில் அமைத்தால்தான் அது நடக்கும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகள் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக உயர்த்துபவை. எவர்சில்வர் தட்டு விழும் ஓசையும் பேரனின் மழலையும் ஒரே வேகத்தில் காதில் மோதினால், கருவி பீரோவுக்குத்தான் போகும்.

'கொய்ங்' என்ற சத்தத்துக்கும் காரணம் உண்டு. அச்சு காதில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால், உயர்த்திய ஒலி கசிந்து மைக்குக்கே திரும்பிப் போய்ச் சுற்றுகிறது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். அச்சை மாற்றினால், அழுக்கை எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைச் சொல்ல ஆள் இல்லாததால் ஒருவர் பல ஆண்டு மௌனத்துக்குத் திரும்பிப் போகிறார் என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் காது மந்தமானவர் என்றும், 70 டெசிபல் இழந்தவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 35 டெசிபலிலேயே நடுத்தர இழப்பு தொடங்குவதாகச் சொல்கிறது. 45 டெசிபல் இழந்த பள்ளி ஆசிரியைக்கு, கடைசி பெஞ்சில் இருந்து வரும் கேள்வி கேட்காது. சட்டத்தின் கண்ணில் அவருக்குக் குறை ஏதும் இல்லை. கருவி உதவிக்கான அளவுகோலை, சான்றிதழுக்கான அளவுகோலிலிருந்து பிரித்து, 35 டெசிபலிலிருந்தே உதவி தொடங்க வேண்டும் என்று கோருகிறோம். காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதும், மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான 'அடிப்' (ADIP) திட்டமும் 2017இல் முதியோருக்காக வந்த வயோஸ்ரீ திட்டமும் கருவி தருகின்றன என்பதும் நல்ல செய்திகள். அவற்றை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் திட்ட அறிக்கையில் எத்தனை கருவி கொடுத்தோம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள் என்ற எண்ணும் அச்சாக வேண்டும். கருவியால் பயன்பெறக் கூடியவர்களில் உலக அளவில் 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொடுத்த பிறகும் அணியாதவர்களை எண்ணாமல் விட்டால் இந்த எண் நகரப் போவதில்லை.

விற்பனையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பயமுறுத்தி விற்காதீர்கள். "மெஷின் போடாவிட்டால் மறதிநோய் வரும்" என்று சொல்லி விற்பது பெருகிவருகிறது. மறதிநோய்க்கான அபாயக் காரணிகளில் செவித்திறன் இழப்பும் ஒன்று என்பதை அந்நோய் குறித்த லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஏற்றிருக்கிறது, உண்மை. ஆனால் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டு முடிவில் கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே அபாயம் கூடியவர்களிடம் மட்டும் அறிதிறன் சரிவு 48 விழுக்காடு குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், உத்தரவாதம் ஆகாது. பேரப்பிள்ளையோடு பேச முடியும், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குத் தயங்காமல் போக முடியும் என்பதே கருவி போடப் போதுமான காரணம். கருவியின் விலையையும் சேவையின் விலையையும் ரசீதில் தனித்தனியே எழுதுங்கள் என்றும் கேட்கிறோம். பரிசோதித்து அமைப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்) தானா என்று வாங்குபவர்களும் கேட்டுப் பழக வேண்டும். ஒரு காது திடீரென்று அடைத்துப்போனாலோ, காதில் சீழ் வந்தாலோ கடைக்குப் போகாமல் அன்றே காது மருத்துவரிடம் போக வேண்டும். திடீர் இழப்புக்கு முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சையே பெரும்பாலும் பலன் தரும்.

புதிதாக அணிபவருக்கு முதல் வாரம் கடினமானது. சொந்தக் குரலே அந்நியமாக ஒலிக்கும். தாளிக்கும் ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் செருப்புச் சத்தமும் ஒன்றாக வந்து நெருக்கும். பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகளை எது முக்கியம், எது தேவையில்லை என்று பிரிக்க மூளைக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வேண்டும். அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரம் தொடங்கி மெல்லக் கூட்டலாம். கல்யாண மண்டபத்துக்குக் கடைசியில் போகலாம். எண்ணெய்க் குளியலுக்கு முன் கழற்றிவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கும் கடலோர ஈரத்துக்கும் இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பியில் வைப்பது நல்லது. பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

மருத்துவமனைகளிடமும் ஒரு கோரிக்கை: அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் முறையோடு டோக்கன் எண் காட்டும் பலகையும் இருக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை என்று வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டவர்கள் எங்கள் உறுப்பினர்களில் பலர் உண்டு.

பீரோவில் கருவி கிடக்கும் வீட்டாருக்கு: இந்த வாரமே அதை வெளியே எடுங்கள். பழைய பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள ஆடியாலஜிஸ்டிடமோ கருவியோடு உரியவரை அழைத்துப் போங்கள். காது மாறியிருக்கும், அச்சும் அமைப்பும் மாற்ற வேண்டியிருக்கும். கூடப் போகும் நீங்களும் அறைக்குள் உட்காருங்கள். எப்படிப் பேசினால் அவருக்குப் புரிகிறது என்பதை அங்கேயே, அவர் முகத்துக்கு நேராக, பேசிப் பாருங்கள்.