பத்தடி அறையும் பல மாதத் தவணையும்

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்று சொன்ன சமூகம் நம்முடையது. அதே சமூகம் இன்று சிறிய அறையைக் கண்டு வெட்கப்படுகின்றது. வீட்டுக்கு வருபவர்களுக்கு வரவேற்பறையைக் காட்டுவார்கள். புதிதாக வாங்கிய சாப்பாட்டு மேசையைக் காட்டுவார்கள். படுக்கையறைக் கதவை மட்டும் மெல்லச் சாத்திவிடுவார்கள். சிறிய அறை ஒரு குற்றமல்ல. அந்த வெட்கத்தை முதலாக இட்டு நடத்தப்படும் வியாபாரந்தான் குற்றம். அந்த வியாபாரத்துக்கு நாமே விரும்பித் தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பது அதனிலும் பெரிய குற்றம்.

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் தொடர்மாடிகளிலும் 'அனெக்ஸ்' எனப்படும் ஒட்டுவீடுகளிலும் வாழ்பவர்களுக்குப் பத்தடிக்குப் பத்தடி அறை புதிதல்ல. திருமணமான இளந்தம்பதிகள் அத்தகைய அறைக்குள் குடிபுகுந்தவுடன் செய்யும் முதல் காரியம், தளபாடக் காட்சியறைக்குச் சென்று 'பெட்ரூம் செற்' ஒன்றை இலகு தவணையில் எடுப்பதாகும். இரட்டைக் கட்டில், இரண்டு கதவு அலுமாரி, நிலைக்கண்ணாடி மேசை, கட்டிலின் இருபுறமும் இரண்டு சிறு மேசைகள் என்று ஐந்து உருப்படிகள். காட்சியறையில் அவை அழகாகத்தான் நிற்கும். ஏனெனில் அந்தக் கூடத்தின் அளவு பத்தடியல்ல.

ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறையின் தரை 100 சதுர அடி. ஐந்தடி அகலமும் ஆறேகால் அடி நீளமும் உள்ள கட்டில் 31 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். நான்கடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள அலுமாரிக்கு 8. கண்ணாடி மேசைக்கு நாலரை. பக்க மேசைகள் இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு நாலரை. ஆக, ஏறக்குறைய அரைவாசித் தரை மரச்சாமான்களுக்கே போய்விட்டது. அறைக்கதவு திறந்து மூடுவதற்கு வேண்டிய ஐந்து சதுர அடியையும் கழித்தால், மனிதருக்கு மிஞ்சுவது சுவரோரமாகவும் கட்டிலோரமாகவும் சிதறிக் கிடக்கும் ஒடுங்கிய துண்டுகள் மாத்திரமே. கட்டிலின் காலடியிலிருந்து எதிர்ச் சுவர்வரை மூன்றே முக்கால் அடி இருக்கும். அவ்விடத்தில் இரண்டடி ஆழமான அலுமாரி நின்றால் இடைவெளி ஒன்றே முக்கால் அடி. அலுமாரிக் கதவோ இரண்டடி அகலம். அதை முழுமையாகத் திறக்கவே முடியாது! திறக்க முடியாத அலுமாரிக்கு மாதாமாதம் தவணை கட்டும் குடும்பங்கள் இந்நகரத்தில் எத்தனையோ.

அந்த அலுமாரி எதனால் ஆனது என்பதையும் கேட்டாக வேண்டும். மொறட்டுவைத் தச்சர்கள் பலா மரத்திலும் மகோகனியிலும் செய்த தளபாடங்கள் மூன்று தலைமுறை கண்டன. இன்று தவணைக் கடைகள் தருவதில் பெரும்பங்கு, மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகைக்கு மேல் மர நிறத்தில் தாள் ஒட்டிய பொருள். கடலோர ஈரக்காற்றில் அதன் விளிம்புகள் ஊதும். கீழ்ப்பலகையில் தண்ணீர் பட்டால் பொருமி உதிரும். ஆணி ஒருமுறை கழன்றால் அதே இடத்தில் மீண்டும் பிடிக்காது. தவணை முடியுமுன்னரே பல அலுமாரிகளின் ஆயுள் முடிந்துவிடுகின்றது. இவ்வகைப் பலகைகளில் பெருமளவு பயன்படும் பசை போமல்டிகைட்டு வாயுவை மெல்ல மெல்ல வெளிவிடக்கூடியது. வெப்பமும் ஈரப்பதனும் கூடினால் அந்த வெளியேற்றமும் கூடும். போமல்டிகைட்டை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என 2004இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. தரமான பலகைகளுக்குக் கட்டுப்பாட்டு அளவுகள் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால், விலை குறைந்த பலகையை வாங்கி, யன்னலைச் சாத்திய சிறு அறைக்குள் நிறுத்தி, அதனருகே குழந்தையைக் கிடத்துபவரிடம் அந்த அளவுகளைப் பற்றி எந்தக் கடைக்காரர் சொல்லுகின்றார்?

தவணைக் கணக்கோ இதைவிட எளிது. ஓர் இலட்சம் ரூபாப் பொருளுக்கு மாதம் ஐயாயிரம் வீதம் முப்பது மாதம் கட்டினால், கட்டிய தொகை ஒன்றரை இலட்சம். விளம்பரத்தில் ஐயாயிரம் பெரிய எழுத்தில் இருக்கும். முப்பது சிறிய எழுத்தில் இருக்கும். ஒன்றரை இலட்சம் எங்குமே இராது.

வியாபாரிகளை மாத்திரம் நோவதில் பயனில்லை. சிறு அறையை அலங்கரிப்பது எப்படி என்று சஞ்சிகைகளும் தொலைக்காட்சிகளும் வழங்கும் ஆலோசனைகளைப் பாருங்கள். கம்பளம் விரியுங்கள், கனத்த திரைச்சீலை தொங்கவிடுங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், கட்டிலில் ஏழெட்டுத் தலையணைகளை அடுக்குங்கள் என்கின்றார்கள். இவையாவும் குளிர்நாட்டில் பிறந்த யோசனைகள். அங்கே உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதுதான் அறையின் வேலை. நமது கரையோர நகரங்களில் வெப்பத்தை வெளியேற்றுவதும் ஈரத்தைக் காயவைப்பதும் அறையின் வேலை. ஒன்றுக்கொன்று நேர்மாறான வேலைகளுக்கு ஒரே அலங்காரம் எப்படிப் பொருந்தும்? இங்கே கம்பளம் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். கனத்த திரை காற்றை மறிக்கும். அடுக்கிய தலையணைகளுக்குள் தூசி குடியேறும். இழுப்பு நோயுள்ள பிள்ளை இரவில் மூச்சுக்குத் திணறும்.

யப்பானியப் பெண்மணி மரி கொண்டோவின் ஒழுங்குபடுத்தும் முறையும் இங்கு வந்து சேர்ந்துவிட்டது. அவருடைய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வெளிவந்தது. 2019இல் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகின்றதா என்று கேட்டு, தராவிட்டால் நன்றி கூறி அகற்றிவிட வேண்டும் என்பது அவர் முறை. மிகைச் சாமான்களில் மூழ்கியவர்களுக்கு அது நல்ல மருந்து. ஆனால் 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுக் கைப்பையோடு புறப்பட்ட ஒரு தாயிடம், துருப்பிடித்த அந்தத் தகரப் பெட்டி மகிழ்ச்சி தருகின்றதா என்று எவர் கேட்பார்? வன்னியில் ஊரூராக இடம்பெயர்ந்து 2009இல் முகாமுக்குள் சென்றவர்களிடம் எவர் கேட்பார்? அவர்கள் பொலித்தீன் பையைக்கூட மடித்து வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர் எதனையும் இலேசில் எறியமாட்டார். ஆகவே அந்தத் தகரப் பெட்டிக்கு அறையில் மரியாதையான ஓர் இடம் வேண்டும். எறியவேண்டியது அதனையல்ல, அதன்மேல் வந்து குவிந்த, தவணையில் வாங்கிய போலிகளையே.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். வரிசை மாறாமல் செய்யவேண்டியவை சில உண்டு. முதலாவது காற்று, இரண்டாவது வெளிச்சம், மூன்றாவது தரை. அழகு நான்காவதாகத்தான் வரும். முதல் மூன்றும் சரியாக அமைந்தால் நான்காவதில் பெரும்பகுதி தானாகவே வந்துவிடும்.

யன்னலை மறைத்து நிற்கும் எதுவாயினும் அதனை அவ்விடத்திலிருந்து நகர்த்துங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். பின்புறம் காற்றோடினால் பூஞ்சணம் குறையும். கனத்த திரைச்சீலைக்குப் பதிலாக அம்மாவின் பழைய வொயில் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்து, விளிம்பு தைத்துக் கட்டுங்கள். காற்று வரும், அயலவர் கண் வராது. கூரைத்தட்டுக்கும் யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கும் வெள்ளை நிறம் பூசுங்கள். பகல் வெளிச்சம் அறையின் மூலைவரை செல்லும். நான்கு சுவர்களுக்கு நான்கு நிறம் பூசும் இன்றைய மோகம் சிறிய அறையை மேலும் சிறிதாக்கும்.

தரையை மீட்பதற்கு மேலேயும் கீழேயும் பார்க்க வேண்டும். கதவு நிலைக்கு மேலே, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓரடி அகல இறாக்கை ஒன்றை அடித்தால், பத்தடி அறையில் பத்துச் சதுர அடி இடம் புதிதாகப் பிறக்கின்றது. அதற்கு வேண்டியது ஒரு பலகையும் நான்கு தாங்கிகளும் ஒரு தச்சரின் அரைநாள் உழைப்பும். கட்டிலின் உயரம் ஒன்றரை அடியாக இருந்தால் அதன் கீழே றங்குப் பெட்டிகள் இரண்டு நிற்கும். எப்போதாவது உடுக்கும் பட்டும் வேட்டியும் அங்கே உறங்கட்டும். பிள்ளைகளுக்குத் தனிக் கட்டில் வாங்க வசதியில்லையே என்று ஏங்குபவர்கள், பாய் என்ற ஒன்றை நம் முன்னோர் ஏன் வைத்திருந்தார்கள் என்று சிந்திக்க வேண்டும். இரவில் விரிக்கலாம், காலையில் சுருட்டி மூலையில் சாத்தினால் அதே இடம் படிக்கும் இடமாகும். இப்படித் தன்னையே மடித்துக்கொண்டு இடம்விடும் வேறு தளபாடம் எது?

அழகு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. மருதமுனைக் கைத்தறி விரிப்பு ஒன்று, பனையோலையில் பின்னிய மூடிபோட்ட பெட்டிகள் இரண்டு மூன்று, சுவரில் ஒரேயொரு படம், மேசையில் ஒரு விளக்கு. இவற்றின் மொத்த விலை அந்த ஐந்து உருப்படிச் செற்றின் தவணைகளில் ஒன்றிரண்டுக்கு மேல் வராது. இவற்றுக்குக் கொடுக்கும் பணம் நெசவு செய்யும் கையையும் ஓலை பின்னும் கையையும் போய்ச் சேரும். முன்னொரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் புத்தகத் தட்டாக்கிப் பட்டம் பெற்ற மாணவர் தலைமுறை ஒன்று இருந்தது. அந்தத் தட்டைக் கண்டு எவரும் அவர்களை இளக்காரமாகப் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது குடியிருப்பவருக்கு. இனி, வீட்டுச் சொந்தக்காரருக்கு. மூன்று அறை வீட்டைப் பலகை மறைப்புப் போட்டு ஆறாகப் பிரித்து, யன்னலில்லாத மூலையை 'சகல வசதிகளுடன் கூடிய அறை' என்று விளம்பரப்படுத்தும் நம்மவர்கள் பலர் உள்ளனர். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, துணி காயப்போடக்கூடாது, இரவு பத்து மணிக்குப் பின் மின்விசிறி போடக்கூடாது என்று நிபந்தனைகள் வேறு. இப்படிப்பட்ட ஓர் அறையில் ஓராண்டு குடியிருந்தவன் என்ற தகுதியில் எழுதுகின்றேன். எந்தத் திரைச்சீலையாலும் எந்த நிறத்தாலும் அத்தகைய அறையைத் திருத்த முடியாது. 2020 மார்ச் 20இல் ஊரடங்கு தொடங்கியபோது அவ்வாறான அறைகளில் இரவும் பகலும் அடைபட்டுக் கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, மின்விசிறி ஓயவும் அறையை விட்டுத் தெருவில் வந்து உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் வாடகைக்கு மேலான சலுகைகளல்ல. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அவற்றைப் பற்றிப் பேசி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது.

இங்கிலாந்தில் 2018 ஒக்ரோபர் முதல், பலர் தனித்தனியாக வாடகைக்குக் குடியிருக்கும் உரிமம் பெற்ற வீடுகளில், வளர்ந்தவர் ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, இருவராயின் 10.22 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அதாவது, இருவருக்கு ஏறத்தாழ 110 சதுர அடி. இதே பிரித்தானியர் நமது மலையகத்தில் கட்டிய லயன் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இன்று அவர்கள் நாட்டில் இருவருக்கு மட்டுமட்டாகவே அனுமதிக்கப்படும் அளவுள்ள அந்த இடத்தில், ஒரு முழுக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கவும் உறங்கவும் பெறவும் வைத்தார்கள். புதிய தனிவீடுகள் கட்டப்பட்டு வந்தாலும், இன்னமும் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தக் காம்பராக்களில்தான் வாழ்கின்றன. அச்சுவர்களில் ஒட்டிய பழைய நாட்காட்டிப் படங்களையும், மண்பூசி மெழுகிய தரையையும், பளபளக்கத் துலக்கி அடுக்கிய பாத்திரங்களையும் கண்டவர்கள், சிறிய இடத்தை ஒழுங்காக வைக்கும் கலையைப் பற்றி அங்கு வாழும் பெண்களுக்கு எதுவும் கற்பிக்கத் துணியமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது அலங்கார ஆலோசனையல்ல. நிலமும் வீடும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். 'வாழ்நாள் முழுவதும் கஷ்டப்பட்டோம், அகதியாக அலைந்தோம், இப்போதாவது ஒரு நல்ல கட்டில் செற் வாங்கிப் பார்க்கக் கூடாதா? அதையுமா பத்திரிகைக்காரர் வந்து தடுக்க வேண்டும்?' நியாயமான கேள்வி. லண்டனில் ஒற்றைக் கட்டில் மாத்திரம் கொள்ளும் சிற்றறையிலும், ரொறன்ரோவில் நிலவறையிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்கும் இதே ஆசை இருந்திருக்கும். ஆசையை எவரும் பழிக்கவில்லை. நல்ல கட்டில் வாங்குங்கள். காசு சேர்த்து, ஒரு தச்சரிடம் அளவு கொடுத்து, நல்ல மரத்தில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஐந்தை ஒன்றாக வாங்கினால்தான் மதிப்பு என்று சொன்னது யார்? உங்கள் கஷ்டமா, கடையின் விளம்பரமா? கஷ்டப்பட்டவர்களுக்குக் கடைசியில் கிடைக்கவேண்டியது நிம்மதியான உறக்கம். மாத முடிவில் தவணைக்காரர் தொலைபேசியில் அழைப்பாரே என்ற பயத்துடன் படுப்பவருக்கு மெத்தை எவ்வளவு மென்மையாக இருந்தும் உறக்கம் வராது.

ஆகவே, தளபாடக் காட்சியறைக்குப் புறப்படுமுன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்குள் செல்லுங்கள். நீளம், அகலம், யன்னலின் அளவு, கதவு திறக்கும் திசை ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறியுங்கள். உள்ளே இருப்பவற்றில் எது காற்றை மறிக்கின்றது, எது வெளிச்சத்தை மறிக்கின்றது என்று பாருங்கள். அவற்றை வெளியே எடுத்த பின்னரும் ஏதாவது வாங்கவேண்டும் என்று தோன்றினால், அப்போது கடைக்குச் செல்லலாம். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பயணம் தேவைப்படாது.