பிரேக் பேட்: கம்பெனிப் பொருளா, வெளிப் பொருளா?

வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பத் தலைவர், ஊரில் ஒரு கார். இவ்விரண்டும் சேர்ந்த வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆண்டில் பத்து மாதம் அந்தக் கார் உறை போர்த்தி வாசலில் நிற்கும். விடுப்பில் ஆள் வந்து இறங்கியதும் நாற்பது நாளைக்குள் திருமணம், நோயாளியை நலம் விசாரித்தல், மதுரையில் மருத்துவரைப் பார்த்தல், பிள்ளைகளுக்காக ஒரு மலைப் பயணம் என்று மூச்சு விடாமல் ஓடும். கீழக்கரையில் உள்ள எங்கள் வீட்டுக் காரும் இந்த வகையைச் சேர்ந்ததே.

சென்ற விடுப்பில் எங்கள் மூத்த சகோதரர் வந்திருந்தபோது கொடைக்கானல் போக முடிவாயிற்று. முன் சக்கரத்தில் கரகரவென்று ஓர் ஓசை கேட்டதால், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வண்டியை மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் சக்கரத்தைக் கழற்றி, பேடை வெளியே எடுத்து, ஒன்றும் பேசாமல் எங்கள் கையில் வைத்தார். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் பகுதி ஒரு முனையில் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. இடையில் துரு. விரலால் நெம்பியபோது ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது. அந்தப் பேடு தேய்ந்து போனதும் அல்ல. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"இது எந்தக் கம்பெனிப் பேடு?" என்று அண்ணன் கேட்டார்.

"தெரியாது காக்கா. போன வருசம் போன்ல நீங்கதானே சொன்னீங்க, வண்டி சும்மா நிக்கிறதுதானே, குறைஞ்ச விலையில ஒண்ணு போட்டு விடுன்னு."

அவர் சொன்னது உண்மை. பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அன்று மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். அந்தப் பேடுடன் எங்கள் வாப்பா, உம்மா, மூன்று குழந்தைகள் ஆகியோரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கத் துணிந்திருந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான். ஆனாலும் அந்தத் தவறை மெக்கானிக் மீதோ கடைக்காரர் மீதோ சுமத்த எங்களுக்கு முகம் இல்லை. இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

பிரேக்கை மிதிக்கும்போது நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். ஓடும் வண்டியின் வேகம் எங்கும் மறைந்துவிடுவதில்லை, சூடாக மாறுகிறது. பேடு டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கிறது. உராய்வில் பிறக்கும் சூட்டை அவை இரண்டும் தாங்கிக் காற்றில் விட வேண்டும். வேகம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். குடும்பத்தையும் பெட்டி படுக்கையையும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடி முழுவதுமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வெளிப்படும் சூடு, ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. அடுப்பில் பல நிமிடம் பிடிக்கும் வேலை அங்கே சில நொடிகளில் முடிகிறது.

இப்போது மலையை எண்ணிப் பாருங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து வத்தலக்குண்டு சுமார் 320 மீட்டரில். அதே வண்டி அந்த உயரத்தை இறங்கி முடிக்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எழுபது முறை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமமாகிறது. கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். கியரை நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகளுக்கோ முழுப் பாரமும் பேடின் தலையில் விழும். தரமற்ற கலவை அந்தச் சூட்டில் பிடிப்பை இழக்கும். கால் மிதித்தபடியே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளிலோ வால்பாறையின் நாற்பதிலோ இறங்குகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டியைத் தவிர வேறொன்றையும் தொடக்கூடாதா? இங்கேதான் நம்மில் பலர் தவறான கேள்வியில் சிக்கிக்கொள்கிறோம் என்று கருதுகிறோம்.

கார் நிறுவனங்கள் பொதுவாகப் பிரேக் பேடுகளைத் தாமே செய்வதில்லை. அதற்கெனவே இருக்கும் நிறுவனங்களிடம் தமது அளவையும் தேவையையும் கொடுத்துச் செய்து வாங்குகின்றன. அவற்றில் சில நமக்கு மிக அருகில் இருப்பவை. சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவற்றையும் ரானே நிறுவனத்தையும் உதிரிபாகக் கடைக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். இத்தகைய நிறுவனங்கள் தமது சொந்தப் பெயரிலும் சந்தையில் விற்கின்றன. ஆகவே ‘வெளிப் பொருள்’ என்ற ஒரே சொல்லுக்குள், பல்லாண்டுகளாகத் தொழிற்சாலைகளுக்குப் பொருள் கொடுத்து வரும் நிறுவனத்தின் பேடும், யார் எங்கே செய்தார்கள் என்றே தெரியாத பேடும் ஒன்றாக அடைபட்டுக் கிடக்கின்றன. இதுதான் குழப்பத்தின் வேர்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே நிறுவனம் செய்தாலும், கார்க் கம்பெனிப் பெட்டியில் வரும் பேடும் சொந்தப் பெயரில் வரும் பேடும் ஒரே கலவையாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. கார்க் கம்பெனி, தன் வண்டியின் எடை, டிஸ்க்கின் அளவு, மிதியின் அழுத்தம், ஓசை ஆகிய அனைத்தையும் வைத்துச் சோதித்துத்தான் ஒரு கலவையை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் கம்பெனிப் பேடையே போடுங்கள். பிறகு வாதாட வேண்டியிருக்காது. காரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் மனைவி மக்களுக்காக வாங்குகிறார் என்றாலும் எங்கள் ஆலோசனை அதுவே. கூடுதல் விலையில் அவர் வாங்குவது பேடை மட்டுமல்ல, தாம் சோதிக்க முடியாத ஒன்றை வேறொருவர் சோதித்திருக்கிறார் என்ற நிம்மதியையும்தான்.

ஆனால் உத்தரவாதம் முடிந்து ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டிக்கு, பெயர் பெற்ற தயாரிப்பாளரின் பேடைப் பில்லோடு வாங்கிப் போடுவதில் குறை காண நாங்கள் தயாராக இல்லை. ஐரோப்பிய நாடுகளில் நடைமுறையில் உள்ள ஆர் 90 என்ற விதி, மாற்றுப் பேடு அசல் பேடின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்கிறது. கூடுதலாகப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றுக்கொன்று இசைந்து பிடிக்கும்படிதான் வண்டி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று மட்டும் அளவுக்கு மீறிப் பிடித்தால் அதுவும் ஆபத்தே. வாங்கும் பேடில் அந்தச் சான்று இருந்தால் மனம் அமைதி கொள்ளலாம்.

பேடின் ஓரத்தில் அல்லது முதுகில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வின் அளவைச் சொல்கின்றன. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாம் எழுத்து கடும் சூட்டில். எஃப் ஈ என்றிருந்தால் சூடேறும்போது பிடிப்புக் குறைகிறது என்று பொருள். மலை ஏறி இறங்குகிறவர் இதைக் கவனித்து வாங்க வேண்டும். இது தரச் சான்று அல்ல, பிடிப்பின் அளவு மட்டுமே. எனினும் அந்த எழுத்துகளோ தயாரித்தவர் பெயரோ எதுவுமே இல்லாத பேடை நாங்கள் இனித் தொடுவதாக இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். உப்புக் காற்றில் நிற்கும் வண்டியின் டிஸ்க்கில் சில நாளிலேயே செந்துரு படரும்; அது இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். பேடின் தகட்டுக்கும் உராய்வுப் பகுதிக்கும் இடையில் நுழையும் துருதான் பயப்பட வேண்டியது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், உள்ளே இருந்தபடியே உராய்வுப் பகுதியை மெல்ல மெல்ல வெளியே தள்ளும். தகட்டைச் சரியாகச் சுத்தம் செய்து, நல்ல பூச்சுப் பூசி, உறுதியாக ஒட்டுவதில்தான் காசு செலவாகிறது. மலிவுப் பேடில் காசு மிச்சமாவதும் அந்த இடத்தில்தான். எங்கள் வண்டியில் நடந்தது இதுவே. "சும்மா நிற்கிற வண்டிதானே" என்று நாங்கள் சொன்ன காரணம், உண்மையில் நல்ல பேடு போடுவதற்கான காரணமாக இருந்திருக்கிறது.

பெயரில்லாத பேடுகளில் இன்னொரு கேடும் உண்டு. முற்காலத்தில் பிரேக் கலவைகளில் ஆஸ்பெஸ்டாஸ் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். எதுவும் எழுதாத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கே வெளிச்சம். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயை வைத்து ஊதித் தூசியைப் பறக்க விடும் பட்டறைப் பையன் முகத்தில் துணிகூடக் கட்டியிருப்பதில்லை. நாம் மிச்சம் பிடித்த நூறு ரூபாய்க்கு அவனுடைய நுரையீரலும் ஒரு விலை கொடுக்கக்கூடும்.

வாடகைக் கார் ஓட்டும் சகோதரர்கள் இதைப் படித்துவிட்டுச் சலித்துக்கொள்வார்கள் என்பது தெரியும். மாதத் தவணை, இன்ஷூரன்ஸ், டீசல் எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மலிவுப் பேடு கடினமான கலவையாக இருந்தால் டிஸ்க்கையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒரு ஜோடி டிஸ்க்கின் விலை பேடின் விலையைவிடக் கூடுதல். மென்மையான கலவையாக இருந்தால் விரைவில் கரைந்து, மறுபடி கூலி கொடுத்து மாற்ற வேண்டிவரும். ஓட்டம் அதிகமுள்ள வண்டிக்கு மலிவுப் பேடில் லாபம் உண்டு என்ற கணக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை.

உதிரிபாக வியாபாரத்திலும் பட்டறைத் தொழிலிலும் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்குக் ‘காயலான் கடை’ என்ற பெயர் வந்ததே காயல்பட்டினத்து வியாபாரிகளால்தான் என்று சொல்வதுண்டு. அந்தச் சகோதரர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வாடிக்கையாளர் மலிவானதைக் கேட்டால் விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மலிவானது மலிவானது என்று சொல்லி விற்கட்டும். கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிப் பெட்டியில் வைத்து, கம்பெனி விலையில் விற்பது வியாபாரம் அல்ல. குறையை மறைத்து விற்ற பொருளில் பரக்கத் இருக்காது என்பதை அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டறைக்காரர் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது அதில் ஏறப்போகும் உயிர்களும் அவரிடம் அமானிதமாகத்தான் போகின்றன. வண்டியின் முன்னால் தெருவைக் கடக்கப் போகும் அயலார் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வண்டியைப் பராமரிக்கும் குடும்பத் தலைவர்கள் எங்கள் தவற்றிலிருந்து இதையாவது எடுத்துக்கொள்ளலாம். "என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எந்தத் தயாரிப்பு என்று கேளுங்கள். புதுப் பெட்டியையும் பில்லையும் கழற்றிய பழைய பேடையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எத்தனை நல்ல பேடு போட்டாலும் பழைய ஆயில் மலையில் கைவிட்டுவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

அன்று நாங்கள் கம்பெனிப் பெட்டியை வாங்கவில்லை. ராமநாதபுரத்தில் அது கிடைக்க மூன்று நாளாகும் என்றார்கள். பெயர் பெற்ற தயாரிப்பாளர் ஒருவரின் பேடைப் பில்லோடு வாங்கி வந்தோம். விலை கம்பெனிப் பொருளில் முக்கால் பங்கு. மெக்கானிக் அதைப் பொருத்திவிட்டு, காலிபர் நகரும் ஊசிகளுக்குக் கிரீஸ் வைத்தார். பிறகு அண்ணனை ஓட்டச் சொல்லித் தாம் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். ஏர்வாடிச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், மெதுவாக 10 வரை குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை செய்ய வைத்தார். புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டுமாம். அதன் பின்னும் உடனே மலைக்குப் போகக்கூடாது, சமவெளியில் கொஞ்சம் ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். கொடைக்கானல் பயணம் நான்கு நாள் தள்ளிப்போனது. குழந்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

கழற்றிய பேடுகளைச் செய்தித்தாளில் சுற்றி அவர் எங்களிடமே கொடுத்தார். அண்ணன் அதில் ஒன்றை, உராய்வுப் பகுதி தூக்கிக்கொண்டு நிற்பதை, துபாய்க்குத் திரும்பும்போது பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார். அவருடைய அறையில் தங்கியிருப்பவர்களில் நான்கு பேருக்கு ஊரில் கார் நிற்கிறது.