கழற்றி மாட்டினால் மார்க்!

மலருக்கு எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தபோது கவிதை என்றுதான் நினைத்திருந்தேன். காதல் கவிதை மட்டும் ஏற்கெனவே பதினேழு வந்துவிட்டதாம். ஆகவே நண்பர்களே, நீங்கள் பிளைவீலைப் பற்றித்தான் படித்தாக வேண்டும்.

பிளைவீல் நமக்குத் தெரியாததா? தியரியில் டர்னிங் மொமென்ட் டயகிராம் போட்டு, விளிம்பின் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தள்ளியிருக்கிறோம். லேபில் டீசல் எஞ்சின் பிளைவீலில் நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து, சாக்பீஸில் கோடு கிழித்து, வால்வு டைமிங் வரைந்திருக்கிறோம். ஆனால் ஒரு பிளைவீலைக் கழற்றித் திரும்ப மாட்டியவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், வகுப்பில் எத்தனை கை எழும்?

என் கட்சி இதுதான். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவாவில், செய்த பொருளை எக்ஸாமினர் கண்ணெதிரே கழற்றி, திரும்ப மாட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். மார்க்கில் பாதி அதற்கே போக வேண்டும். இப்படிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் ஒரு பிளைவீலைக் கழற்றத் தெரியாமல் கெடுத்தவன். அந்த யோக்கியதைதான்.

எங்கள் குழு செய்தது ஒரு சின்ன நீராவி எஞ்சின் மாடல். நீராவி என்பது பெயருக்கு, ஓடுவது கம்ப்ரஸர் காற்றில். ஒற்றை சிலிண்டர், போர் 20 மி.மீ., ஸ்ட்ரோக் 25 மி.மீ. ஷாஃப்ட் 10 மி.மீ. பிளைவீல் வார்ப்பிரும்பு, விட்டம் 100 மி.மீ. காட்டூரில் எங்கள் பின்தெரு லேத் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கெஞ்சிக் கூத்தாடிக் கடைந்தது. பிஸ்டன் இரண்டு கோடிக்கும் போய் நிற்கும் கணத்தில் காற்று என்னதான் தள்ளினாலும் கிராங்க் திரும்பாது. அந்த இடத்தைத் தாண்டி இழுத்துப் போவது பிளைவீல் சேர்த்து வைத்திருக்கும் வேகம்தான். முதல் தடவை அது தானாகச் சுற்றியபோது நாங்கள் போட்ட கூச்சலில் பட்டறை அண்ணன் வெளியே துரத்திவிட்டார்.

ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு பேரிங் இறுகியது. ஷாஃப்டை உருவ வேண்டும் என்றால் பிளைவீல் வெளியே வர வேண்டும். கிரப் ஸ்க்ரூவைக் கழற்றினேன். அசையவில்லை. எண்ணெய் விட்டேன், முறுக்கினேன், அசையவில்லை. பிறகு என்ன, சுத்தியல்தான். ஹப்புக்குப் பின்னால் நாலு போடு. பிளைவீல் வந்தது, ஷாஃப்டும் வளைந்தது.

மறுநாள் எஞ்சின் ஆடிக்கொண்டே நாலு சுற்றுச் சுற்றி நின்றது. “என்னப்பா இது?” என்று கைடு கேட்டார். “பஸ்ல கொண்டு வரும்போது அடிபட்டுடுச்சு சார்” என்றேன். காட்டூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கி வந்தவன் என் நண்பன். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினான். திரும்பி என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்று இந்தப் பக்கத்தில்தான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

வளைந்த ஷாஃப்டைப் பட்டறை அண்ணனிடம் கொண்டு போனேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“தம்பி, மாட்டும்போது கழட்ட வழி வச்சியா?”

“இல்லண்ணே.”

“அப்ப நீ பாதி வேலைதான் செஞ்சிருக்க.”

விஷயம் இதுதான். கிரப் ஸ்க்ரூவின் நுனி ஷாஃப்டைக் கடித்து, கடித்த இடத்தைச் சுற்றி மெல்லிய பிசிர் எழுப்பிவிடும். ரீமர் போட்ட துளைக்குள் அந்தப் பிசிர் ஆப்பு மாதிரி நிற்கும். அதற்குச் சுத்தியல் பதில் அல்ல. புது ஷாஃப்டில் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் அரத்தால் ஒரு சமதளம் வைத்தோம். இனிப் பிசிர் எழுந்தாலும் ஷாஃப்டின் வட்டத்துக்கு உள்ளேயே அடங்கும். ஹப்பில் எதிரெதிரே இரண்டு எம்-4 துளை போட்டு மரை வெட்டினோம். ஒரு துண்டு ஃப்ளாட்டில் ஓரம் இரண்டு துளை, நடுவில் எம்-8 போல்ட். புல்லர் தயார். நடு போல்ட்டை மெதுவாக முறுக்கினால் பிளைவீல் சத்தமில்லாமல் நேராக வருகிறது.

மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். கழற்றும் முன்பே ஹப்பிலும் ஷாஃப்ட் முனையிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். எங்கள் பிளைவீலில் கிராங்க் பின்னுக்கு எதிர்ப்புறம் ஈடு எடை உண்டு. இடம் மாறினால் மேஜையே நடுங்கும். பிசிரை எண்ணெய்க் கல்லில் தேய்த்து, துளையைத் துடைத்து, துளி எண்ணெய் விட்டுக் கையாலேயே தள்ள வேண்டும். ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு பொட்டு பித்தளை. கடைசியில் விளிம்பில் டயல் கேஜ்.

டேப்பரில் உட்காரும் மொபெட் மேக்னெட்டோ பிளைவீல் என்றால் கதை வேறு. அங்கே எண்ணெய் கூடாது, இரண்டு பக்கமும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிப்பது டேப்பர். அரைவட்ட கீ டைமிங்குக்காக மட்டும். கீ நசுங்கியதைப் பார்க்காமல் மாட்டிவிட்டு, “பிளக் போச்சு, கார்ப்பரேட்டர் போச்சு” என்று செலவு வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே பொன்மலை இருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. 2021-ல் அதே வகையில் நிலக்கரியில் ஓடும் புது எஞ்சினைப் பொன்மலைத் தொழிலாளர்களே செய்து அனுப்பினார்கள். எப்படி முடிந்தது? பல வருஷங்களாக அந்தப் பழைய எஞ்சின்களை அக்கக்காகப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த பட்டறை அது. (அந்த எஞ்சினில் பிளைவீல் இல்லையே என்று கேட்கும் நண்பருக்கு: நாலு சிலிண்டர், கூடவே ஓடும் வண்டியின் எடை. தனிப் பிளைவீல் எதற்கு?)

நம் ப்ராஜெக்ட்டுகளோ? வெளிப்படையாகப் பேசுவோம். காசு கொடுத்தால் ரிப்போர்ட்டோடு ரெடிமேடாகக் கிடைக்கிறது. வைவாவில் ஸ்விட்சைப் போட்டால் ஓடுகிறது, மார்க் விழுகிறது. ராத்திரி பகலாக அரம் பிடித்தவனுக்கும் அதே மார்க், சில சமயம் குறைவாகக்கூட. விலைக்கு வாங்கியவனிடம் ஒரு ஸ்பானரைக் கொடுத்து “கழட்டுப்பா” என்றால் ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். குழுவில் ஒருவர் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், இருபது நிமிஷம் கொடுங்கள். அப்போதுதான் குழுவில் எல்லாருமே கற்றுக்கொண்டு வருவார்கள், பேருக்கு இருப்பவர்கள் உட்பட. கழற்றினால் உடைந்துவிடும் என்பார்கள். உடையட்டும் சார். இங்கே உடைந்தால் ஒரு துண்டு பிரைட் பார். பயிற்சிக்குப் போன இடத்தில் உடைத்தால் யார் பதில் சொல்வது? யூனியன் கோரிக்கைப் பட்டியலில் கேண்டீன் டீக்கு முந்தி இதைச் சேர்க்க வேண்டும். (டீயும் மோசம்தான்.)

எங்கள் எஞ்சின் இப்போது டிபார்ட்மென்ட் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பூட்ட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். பக்கத்து ஆணியில் புல்லர் தொங்குகிறது. 13-ம் நம்பர் ஸ்பானர் போதும். எடுத்துக் கழற்றிப் பாருங்கள், புள்ளியைப் பார்த்து மாட்டிவிட்டுப் போங்கள்.