எல்லையில் தவறும் மூளைப் புற்றுநோய்க் கணக்கு

ஒரே பஞ்சாயத்தில் ஓராண்டுக்குள் மூன்று பேர் தலையில் கட்டி வந்து இறந்தால் ஊர் கலங்கத்தான் செய்யும். நெய்யாற்றின்கரை தாலுகாவின் கோட்டுகாலாக இருந்தாலும், பாறசாலையாக இருந்தாலும், சோதனைச் சாவடி தாண்டிய தமிழ்நாட்டுக் களியக்காவிளையாக இருந்தாலும் சந்தேகம் போகும் இடங்கள் இவைதான்: செல்போன் கோபுரம், கடற்கரைக் கருமணல், தோட்டத்தில் அடித்த மருந்து. அந்தக் கலக்கம் நியாயமானது. ஆனால் அந்த மூன்று சாவுகளை மட்டும் வைத்து இந்த ஊரில் மூளைப் புற்றுநோய் பெருகிவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது. நோய் அரிது, ஊர் சிறிது. இந்த இரண்டும் சேரும் இடத்தில் தற்செயல் மிகப் பெரிதாகத் தெரியும். மூளை, மைய நரம்பு மண்டலப் புற்றுநோய் உலக அளவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கு வருகிறது. முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஒரு பஞ்சாயத்தில் சராசரியாக ஆண்டுக்கு ஒருவர். கேரளத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகளிலும் இதே சராசரி என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தனிக் காரணமும் இல்லாமலேயே ஏறக்குறைய 75 பஞ்சாயத்துகளில் ஓராண்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ நோயாளிகள் இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பஞ்சாயத்துகளில் ஒருவர்கூட இருக்க மாட்டார். அந்த எழுபத்தைந்தில் ஒன்று நம் ஊராக அமைந்துவிட்டால் நமக்கு அது கொள்ளைநோய் போலத் தெரியும். யாருமே பாதிக்கப்படாத ஊரைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. அமெரிக்காவில் 1980-களின் சிறுநீரகப் புற்றுநோய்ச் சாவுகளை வரைபடத்தில் குறித்தபோது, மிக அதிக விகிதம் கொண்ட மாவட்டங்களும் மிகக் குறைந்த விகிதம் கொண்ட மாவட்டங்களும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறங்களாகவே இருந்தன. அதனால்தான் ஓராண்டுக் கணக்கு போதாது. ஒரு தாலுகாவுக்கேனும், பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிச் சேர்த்துப் பார்க்க நம்மிடம் நேரான கணக்கு இருக்கிறதா என்பதுதான் என் கவலை. மரணத்தை அது நிகழ்ந்த இடத்தில் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். 1981-இல் தொடங்கிய ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையம், ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம், மெடிக்கல் காலேஜ் எல்லாம் திருவனந்தபுரம் நகரில் இருக்கின்றன. கோட்டுகால்காரர் அங்கே வார்டில் இறந்தால் பதிவு நகரத்தில் விழும். விளவங்கோட்டுக்காரர் இறந்தால் தமிழ்நாட்டுச் சாவு கேரளப் பதிவேட்டில் ஏறும். கடைசி நாட்களில் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர் மட்டுமே சொந்த ஊர்க் கணக்கில் வருவார். 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டு நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலும் விளவங்கோட்டை அன்றைய சென்னை மாநிலத்திலும் வைத்தார்கள். நோயாளிகள் அந்தக் கோட்டைப் பார்த்து மருத்துவமனை தேடுவதில்லை. இறந்த இடத்தை வைத்து விகிதம் கணக்கிட்டால் நகரம் நோய்க்காடாகவும் எல்லைக் கிராமங்கள் ஆரோக்கியமாகவும் தெரியும். இரண்டும் பொய்.

மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் இந்தத் தவறைத் திருத்தத்தான் இருக்கின்றன. அவை நோயாளி வசித்த ஊரை வைத்து எண்ணுகின்றன. திருவனந்தபுரத்துக்கு ஆர்.சி.சி.யின் பதிவேடு உண்டு. தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிலையம் 2012 முதல் நடத்துகிறது. ஆனால் சாவுக்கான காரணம் சரியாக எழுதப்படாவிட்டால் பதிவேடும் தடுமாறும். 2020-இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 விழுக்காட்டுக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்று மூளைக்குப் பரவி உயிரைக் குடிப்பது மிகச் சாதாரணம். அது மூளைப் புற்றுநோய் என்று பதிவானால் எண்ணிக்கை பொய்யாக ஏறும். ஸ்கேன் எடுக்க வழியில்லாத முதியவர் கை கால் விழுந்து இறந்தால் பக்கவாதம் என்று எழுதிவிடுவார்கள். எண்ணிக்கை பொய்யாக இறங்கும். காலப்போக்கைப் படிக்கும்போதும் இதே ஆபத்துதான். சி.டி. ஸ்கேன் பரவிய பிறகு, 1970, 80-களில், அமெரிக்க முதியவர்களிடையே மூளைப் புற்றுநோய் கூடியது. அதில் எவ்வளவு புதிய நோய், எவ்வளவு முன்பு கண்ணில் படாத நோய் என்று நீண்ட விவாதம் நடந்தது. நம் தாலுகாக்களிலும் ஸ்கேன் மையங்கள் பெருகியிருக்கின்றன. வயதும் இருக்கிறது: 2011 கணக்கெடுப்பில் அறுபதைக் கடந்தவர்கள் கேரளத்தில் 12.6 விழுக்காடு, இந்தியாவில் 8.6 விழுக்காடு. வயதைச் சமன்செய்யாமல் கேரளத்தை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிடுவது வெறும் முதுமையை நோயாகக் காட்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது வானிலிருந்து எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்தபோது ஊர்மக்களும் ஓர் உள்ளூர் மருத்துவரும்தான் முதலில் குரல் கொடுத்தார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டுக் கேட்டே அதிகாரம் காலம் கடத்தியது. புள்ளியியல் பேசுவது மறுபடியும் மக்களின் வாயை அடைப்பதாகாதா? இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காசர்கோட்டுக்கு வலிமை தந்ததில் எண்ணிப் பார்த்ததற்கும் பங்கு உண்டு. மருந்து விழுந்த ஊரின் பிள்ளைகளை மருந்து விழாத ஊரின் பிள்ளைகளோடு ஒப்பிட்ட தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மக்கள் பக்கம் நின்றது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. சந்தேகம் விசாரணையின் தொடக்கம். அதை ஒப்பிட்டுச் சோதிக்க மறுக்கும் அரசுதான் குற்றவாளி.

கருமணலுக்கும் இதையே சொல்வேன். மோனசைட்டில் உள்ள தோரியத்தால் சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். சவறாவை உள்ளடக்கிய கருநாகப்பள்ளியில் 1990 முதல் பதிவேடு நடத்தி, ஏறக்குறைய 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆறுதலான முடிவுதான். ஆயினும் அத்தனை பேரிலும் மூளைப் புற்றுநோய் சிலருக்கே வந்திருக்கும். சிறிய எண்ணிக்கையை வைத்து ஆபத்து இருக்கிறது என்று சொல்லக் கூடாதென்றால், அறவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. அளவுகோல் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுரங்கம் தோண்ட வருபவர்களும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே. செல்போன் விஷயம் இவ்வளவு சிக்கலானதல்ல. எல்லா ஊரிலும் புழங்கும் ஒரு கருவி ஓர் ஊரில் மட்டும் நோயைக் குவிக்காது. உலக சுகாதார நிறுவனம் கேட்டு 2024-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பும் மூளைப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு காணவில்லை.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஆர்.சி.சி.யும் அடையாறு நிலையமும் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு ஆகிய எல்லைத் தாலுகாக்களை ஒரே பகுதியாக எடுத்துக்கொண்டு, வசிப்பிட வாரியாக, வயதைச் சமன்செய்து, பத்தாண்டுக் கணக்கை மலையாளத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். மூளையில் தொடங்கிய புற்றையும் பரவி வந்த புற்றையும் தனித்தனியே காட்ட வேண்டும். வீட்டில் இறந்தவர்களின் காரணத்தை ஆஷா பணியாளர்கள் வழியே விசாரித்துச் சேர்க்க வேண்டும். குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: ஸ்கேன், சதைப் பரிசோதனை அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள், புற்று முதலில் எந்த உறுப்பில் தொடங்கியது என்று சான்றில் எழுதச் சொல்லுங்கள். 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மருத்துவமனை தரும் மரணக் காரணச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்கு உரியது. அதைக் கேட்டு வாங்குங்கள்.