குரலுக்கும் தரகரோ?

மாட்டுச் சந்தையிலே துண்டினால் கையை மறைத்து, விரலைப் பற்றி விலை பேசும் தரகரை நம்மிற் பலரும் கண்டிருப்போம். பேசிய தொகை அக்கைகளுக்கன்றிப் பிறர்க்குத் தெரியாது. ஆதலின், தரகர் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே நம்மனோர்க்கு ஐயம் பிறத்தல் இயல்பே. மாட்டிற்கும் மனைக்கும் தரகர் உளர். மனிதனுடைய குரலுக்கும் தரகர் உண்டோ எனின், உண்டு. அவர் வேண்டுமோ, வேண்டாவோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் முதலிய நகரங்களில், விளம்பரங்களுக்கும் கார்ட்டூன் படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் உருவம் காட்டாது குரல் மட்டும் கொடுத்து வாழ்வோர் பலர். அவர்களுக்கு வேலை தேடித் தருவோரே ஏஜெண்டுகள் எனப்படும் முகவர்கள். குரல் வேண்டுவோர் தமக்கு எத்தகைய குரல் தேவை என்பதை முகவர்க்குத் தெரிவிப்பர். முகவர் தம்மைச் சார்ந்தாருள் தக்கார் சிலரைத் தெரிந்து, மாதிரி வாசிப்பைப் பதிவு செய்வித்து அனுப்புவார். வேலை கிடைப்பின், ஊதியத்தில் நூற்றுக்குப் பத்து அவர்க்குச் சேர்வது பொது வழக்கம். கலிபோர்னியா மாநிலத்தில் இத்தொழில் நடத்த அரசாங்க உரிமம் வேண்டும். பதிவுக் கட்டணம் என முன்பணம் பெறுதலை அங்குள்ள சட்டம் விலக்குகிறது.

"மாதிரியை அனுப்பி வைப்பதற்குப் பத்தில் ஒன்று கூலியோ? இன்று ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்து, இணையத்தின் வழியே உலகெங்கும் அனுப்பலாமே. இடையில் ஒருவர் எதற்கு?" என்பர் சிலர். வேலை தேடித் தருதல் ஒன்றே முகவர் கடமையாயின், நாமும் அக்கூற்றுக்கு உடன்படுவோம். ஆனால், அதனினும் அரிய கடமை ஒன்றுண்டு. அஃது உடன்படிக்கையைப் படித்தல். இக்குரல் எத்தனை மாதம் ஒலிக்கும்? எந்தெந்த நாட்டில் ஒலிக்கும்? அக்காலத்தில் போட்டிச் சரக்கிற்குக் குரல் கொடுக்கத் தடை உண்டோ? பதிவு செய்ததை வேறொன்றிற்கு எடுத்தாளலாமோ? இவ்வினாக்களைக் கேட்பதற்கு, வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நடிகர்க்கு நா எழுவதில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சமும் உடன் நிற்கும். அவர் பொருட்டு வேறொருவர் கேட்டல் வேண்டும்.

கேளாமையால் விளைவது யாதென்பதற்கு ஒரு சான்று கூறுவோம். சூசன் பென்னட் என்னும் அமெரிக்க அம்மையார் 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நாள்தோறும் பல மணி நேரம், பொருள் தொடர்பற்ற எண்ணிறந்த தொடர்களை வாசித்துப் பதிவு செய்தார். தொலைபேசி நிலையங்களில் விடை கூறும் கருவிக்கே அவை பயன்படும் என அவர் எண்ணியிருந்தார். 2011-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனில் 'சிரி' என்னும் பேசும் உதவியை அமைத்தபோது, அதில் ஒலித்தது தம் குரலே என்பதை உடன்தொழிலாளர் ஒருவர் சொல்லக் கேட்டே அறிந்தாராம். 2013-இல் அவர் தாமே இதனை வெளியிட்டார். கோடிக்கணக்கானோர் கேட்ட குரல். அதற்குடையார்க்குக் கிடைத்ததோ பதிவு செய்த நாட்களின் கூலி மட்டுமே! வாசித்த தொடர்கள் துண்டு துண்டாக்கப்பட்டு, அவர் ஒருகாலும் சொல்லாத சொற்களைச் சொல்லின.

அன்று அரிதாயிருந்தது இன்று எளிதாயிற்று. சிறு பதிவு ஒன்று கிடைப்பின், செயற்கை நுண்ணறிவு அக்குரலிலேயே எதனையும் பேசிவிடுகிறது. கழுத்தை விட்டு நீங்கிய குரல், உடையவரையே வேலையினின்று நீக்கவும் வல்லதாயிற்று. இதனால் அன்றோ ஸாக்-ஆஃப்ட்ரா என்னும் நடிகர் சங்கத்தார் 2024 ஜூலையில் கணினி விளையாட்டு நிறுவனங்களை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கி, ஓராண்டு அளவும் போராடி, 2025-இல் உடன்பாடு கண்டனர்! நடிகரின் இசைவின்றி அவர் குரலைப் படியெடுத்தலாகாது என்பதே அவர்தம் தலையாய கோரிக்கை.

இனி, முகவர் பக்கத்துக் குறையையும் மறைத்தல் முறையன்று. விற்பனை நடந்தாலன்றி அவர்க்குக் கூலி இல்லை. ஆதலின், 'இவ்வுடன்படிக்கை வேண்டா' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தம் பத்தில் ஒன்றையும் இழக்கின்றார். இதனைக் கலிபோர்னியச் சட்டமன்றத்தார் உணர்ந்தனர் போலும்! 2024-இல் அவர்கள் இயற்றிய சட்டமொன்று, ஒருவர் நேரில் செய்யவேண்டிய வேலைக்கு மாற்றாக அவருடைய குரலின் படியைப் பயன்படுத்த இடந்தரும் ஒப்பந்தத்தில், அப்பயன் இன்னதென விளங்கக் கூறப்படாமலும், அவர்க்கு வழக்கறிஞரோ தொழிற்சங்கமோ துணை நில்லாமலும் இருப்பின், அப்பகுதி செல்லாது என விதிக்கிறது. காவலர் வரிசையில் வழக்கறிஞர் உளர், சங்கம் உளது, முகவர் பெயர் இல்லை. நல்ல முகவர் இதனை இழுக்கெனக் கருதி, தம் பெயரையும் அவ்வரிசைக்குத் தகுதியாக்க முயலல் வேண்டும்.

ஆகவே, முகவர் வேண்டா என்பார் கூற்றை நாம் ஏற்கின்றிலோம். முகவரே போதும் என்பாரையும் ஏற்கின்றிலோம். சட்டமும் சங்கமும் பொதுவான வேலியாக நிற்க, அவ்வேலிக்குள் ஒவ்வொருவர் குரலுக்கும் உரிய வாயிற்காவலராக முகவர் நிற்றல் வேண்டும். வாயிலைத் திறப்பதோடு அடைக்கவும் அறிந்தவரே காவலர். மாணவ நண்பர்காள்! நாளை நம்முள் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நிற்க நேரின், 'எவ்வளவு தருவீர்?' என்று கேட்பதற்கு முன், 'எதற்கு? எத்தனை நாளைக்கு?' என்று கேட்கக் கற்போமாக. நமக்காக அதனைக் கேட்கும் முகவர் கிடைப்பின், அவர்க்குப் பத்தில் ஒன்று கொடுத்தல் இழப்பாகாது.